அப்பல்சாமி மாமா ஜெயிக்க வேண்டிய பந்தயம்

உலகத்தில் இதுவரை ஸ்டீயரிங்கைப் பிடித்த மனிதர்களிலேயே மிகப் பெரியவர் எங்கள் அப்பல்சாமி மாமாதான். அவர் வண்டி வருவது தெரிந்தால் எங்கள் தீவின் சிகடோகா ஆறு கொஞ்சம் ஒதுங்கி ஓடும். நாடி ஏர்போர்ட்டில் இறங்க வேண்டிய விமானங்கள் அவரைப் பார்ப்பதற்காக ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றும். அவர் ஒரு பந்தயத்தில்கூட ஜெயித்ததில்லை என்பது வேறு விஷயம்.

இந்தப் பந்தயத்தைப் பார்த்தே இராதவர்களுக்குச் சொல்கிறேன். இதற்கு ரோடு கிடையாது. ரோடு இருந்தால் அது பஸ் சர்வீஸ். கரும்பு வெட்டி முடிந்ததும் மொட்டை வயலில் கிளம்பி, ஆற்றுப் படுகையில் இறங்கி, கல், மணல், சேறு எல்லாவற்றிலும் உருண்டு, பள்ளிக்கூட மைதானத்தில் வந்து நிற்க வேண்டும். வேகமாகப் போகிறவன் ஜெயிப்பான் என்று நினைக்காதீர்கள். அவன் முதல் பள்ளத்திலேயே அச்சு முறிந்து உட்கார்ந்திருப்பான். மணலில் புதையாமல் இருக்க டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். கவிழ்ந்தாலும் தலை மிஞ்சுவதற்கு, மேலே இரும்புக் குழாய்களை வளைத்து வெல்டு வைக்க வேண்டும். மாமாவின் பழைய பிக்கப்பில் இருந்த குழாய் யார் வீட்டுத் தண்ணீர்க் குழாய் என்று நான் கேட்டதில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் இன்னொரு சட்டமும் உண்டு. ஓட்டுகிறவர் பாதையை முன்னாடி பார்க்கக் கூடாது. பக்கத்தில் உட்காருகிறவர்தான் முதல் நாள் நடந்து பார்த்து, மனதில் வைத்திருந்து, ஓடும்போது கத்திச் சொல்ல வேண்டும். மாமாவுக்கு அது நான். ஃபார்ம் ஃபோர் வரை வாத்தியார்கள் சொன்ன எதுவும் என் தலையில் தங்கவில்லை. ஆற்றில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் தங்கியது. இஞ்சின் சத்தத்தில் இடது வலது என்றால் மாமாவுக்குக் குழம்பிவிடும். அதனால் வலதுக்குச் சோத்துக்கை, இடதுக்குப் பீச்சாங்கை. தப்பாகச் சொன்னால், தப்பான பக்கம்தான் போவார். அவ்வளவு நம்பிக்கை.

இரண்டாயிரமாம் வருடம் துப்பாக்கிக்காரர்கள் பார்லிமென்டுக்குள் புகுந்து ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் இந்திய வம்சாவளி ஆட்களில் போக முடிந்தவர்கள் எல்லாரும் போனார்கள். கம்லேஷ் வீடு ஆக்லாந்துக்கு. ஜான்கி வீடு வான்கூவருக்கு. எங்கள் தெருவில் குறும்பு செய்யக்கூட ஆள் மிச்சமில்லை. பூட்டின வீட்டுச் செருப்பில் தவளையைப் போட்டு என்ன பயன்? மாமா செருப்பில் போட்டால் மட்டும், அதை எடுத்துப் புல்லில் விட்டு, "சாப்ட்டியா?" என்று அந்தத் தவளையை விசாரிப்பார்.

மாமாவின் மனைவி சுஷீலா அத்தையும் நேஹாவைத் தூக்கிக்கொண்டு சிட்னிக்குப் போனார். நேஹாவுக்கு அப்போது சரியாகப் பேச்சு வரவில்லை. ஏர்போர்ட்டில் மாமா சொன்னதை நானும் கேட்டேன். "ஒரே ஒரு தடவ ஜெயிச்சுட்டு வந்துர்றேன், சுஷீலா."

ஜெயிக்கவில்லை. ஒரு வருடம் ரேடியேட்டர். அடுத்த வருடம் ஒரு பசுமாடு. ஒவ்வொரு முறை தோற்றதும் அவர் தலையைத் தொங்கப்போட்டு வந்தார். நான் ஆறுதல் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் போய்த் தனியாகக் குதித்து ஆடினேன்.

இந்த வருடம் கெட்ட காலம். எல்லாம் நன்றாகப் போனது. எங்களுக்கு முன்னால் போன ஷாநீலின் வண்டி கரும்பு ரயில் தண்டவாளத்தில் அச்சு முறிந்து நின்றது. மற்றவர்களின் தூசிகூடப் பின்னால் தெரியவில்லை.

"அரே, யாரையும் காணோமே! மொத ஆளா நாம?" என்று மாமா கத்தினார்.

"ரோட்டப் பாருங்க, மாமா!"

"ரோடு எங்க இருக்கு பாக்க?" என்று சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

மிச்சம் இருந்தது ஆற்றுத் திருப்பம் ஒன்றுதான். வலது பக்கம் கெட்டியான சரளை. அதைத் தாண்டினால் மைதானம், கோப்பை, சிட்னி. இடது பக்கம் மேலே காய்ந்த மண், அடியில் சேறு. முதல் நாள் நடந்தபோது முட்டி வரை அதில் இறங்கியிருந்தேன்.

"எந்தப் பக்கம், புள்ளே?"

"பீச்சாங்கை!"

வண்டி இடது பக்கம் திரும்பியது. முன் சக்கரங்கள் புதைந்தன. மாமா ஒரு முறை ஆக்சிலேட்டரை மிதித்தார். சேறு கண்ணாடி முழுக்க அடித்தது. இஞ்சினை அணைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் வலது பக்கமாக ஒரு வண்டி போனது, பிறகு இன்னொன்று.

"தப்பாச் சொல்லிட்டேன், மாமா. கொழம்பிட்டேன்" என்றேன். "உடுங்க. அடுத்த வருசம் ஜெயிக்கலாம்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தார்.

"புதன்கெழம ப்ளேன், ரினல். டிக்கெட்டு போன மாசமே வந்துருச்சு."

"ஜெயிச்சாத்தான போவேன்னீங்க?"

"போன வாரம் நேஹாகிட்ட போன்ல பேசுனேன். நல்லாப் பேசுது இப்ப. 'மம்மி, யாரோ ஒரு அங்கிள்'னு சொல்லிட்டு போனக் குடுத்துருச்சு."

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. எப்போதும் ஏதாவது வரும்.

"சேறு இருக்குன்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரியாது. சாமி சத்தியமா."

"பின்ன ஏன் திரும்பறதுக்கு முந்தியே ரெண்டு கையாலயும் கைப்பிடியப் புடிச்சே?"

"அதப் பாத்துட்டும் ஏன் திருப்புனீங்க?" என்று கேட்டேன்.

"நீ சொன்ன பக்கந்தான நான் போவேன்." அவர் என் கைகளைப் பார்த்தார். அவை இன்னும் அந்தக் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தன. "உடு, புள்ளே. வண்டி நின்னு எவ்ளோ நேரமாச்சு."