பச்சைப் பக்கம்

எங்கள் முதியோர் குடியிருப்பில் மொத்தம் பன்னிரண்டு அறைகள். கோயில் மதிலை ஒட்டி ஒரே வரிசையாக இருக்கும், முன்னால் நீள வராந்தா. பார்த்துக்கொள்ள ஆளில்லாத நம் தமிழ் ஜனங்கள் வாடகையில்லாமல் இருக்கிறார்கள். சாப்பாடு பொதுச் சமையலறையிலிருந்து வந்துவிடும், மற்ற வேலைகளை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். நான் மேனேஜர். பர்மாவில் டீச்சர், நர்ஸ், ஆபீஸ்காரி எல்லோரையும் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் நானும் சயாமா. ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம். மோட்டார் ஓடுகிறதா, கரண்ட் எப்போது வரும், குளியலறையில் சோப்பைக் கீழே போட்டுவிட்டுப் போனது யார், இதுதான் என் பிழைப்பு.

இருப்பதிலேயே முக்கியமான வேலை காலை ஆறரை மணிக்கு. ஒவ்வொரு கதவிலும் ஒரு சதுரத் தகரம் தொங்கும். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. படுக்கப் போகும்போது சிவப்பு, எழுந்ததும் பச்சை. ஆறரைக்கு நான் வராந்தாவில் நடப்பேன். சிவப்பாகவே இருந்தால் கதவைத் தட்டுவேன். தட்டியும் திறக்காமல் இரண்டு தடவை கதவை உடைத்திருக்கிறோம். இரண்டு தடவையும் உள்ளே உயிர் இல்லை.

போன தடிஞ்ஜுத் விளக்குப் பண்டிகைக்கு முன்னால் எனக்கு ஒரு சுறுசுறுப்பு வந்தது. பண்டிகைக்குப் பர்மியக் குடும்பங்கள் வரும், முதியவர்கள் முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டுவிட்டு மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸைக் கொடுத்துவிட்டுப் போகும். அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்பை நடத்தும் கமிட்டியின் தலைவரும் வந்து, யார் யார் இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம் என்று கையெழுத்துப் போடுவார். வருகிறவர்கள் கண்ணில் துருப்பிடித்த தகரமா படவேண்டும்? பெயின்டரைப் பிடித்து, பன்னிரண்டையும் தேய்த்து வழவழவென்று புதுசாக அடிக்கச் சொன்னேன். பளபளவென்று வந்தன. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை நாலாம் நம்பர் கதவில் சிவப்பு. அந்த அறைப் பெரியம்மா, போட்டாதாங் படகுத்துறையில் அவித்த கடலை விற்றுக் காலம் தள்ளியவர், ஒருநாளும் தாமதமாக எழாதவர். தட்டியதும் கதவு திறந்தது. குளித்து, தலை வாரி, இரண்டு கன்னத்திலும் மரப்பட்டை அரைத்த தனாக்கா பூசிக்கொண்டு ஜம்மென்று நிற்கிறார்.

தகரம் சிவப்பாக இருக்கிறதே என்றேன். அவர் கையை நீட்டித் தகரத்தைத் தொட்டார். கட்டைவிரலால் ஓரமெல்லாம் தடவினார். திருப்பினார், மறுபடி தடவினார், மறுபடி திருப்பினார். முகம் விழுந்துவிட்டது.

"பச்சப் பக்கத்துல ஒரு கொப்புளம் இருந்திச்சே சயாமா. அத யாரு எடுத்தா?"

நான் அவர் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன். இமை அசையவில்லை.

எனக்கு வந்ததே கோபம். எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று தடிஞ்ஜுத் ஆகிவிட்டதாம், மூன்று வருஷம்! இத்தனை நாள் என்னை ஏமாற்றியிருக்கிறீர்களே, விழுந்து கிழுந்து வைத்திருந்தால் யார் பதில் சொல்வது என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். பேசப் பேசவே எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கரண்ட் போனால் மற்றவர்கள் தடுமாறும்போது மெழுகுவர்த்தியை நேராகக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பது இவர்தான். சரியான கெட்டிக்காரி என்று நானே எல்லோரிடமும் மெச்சியிருக்கிறேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. மாவ்பிக்கு அனுப்பிவிடுவீர்களா என்று மட்டும் கேட்டார். கண் போனவர்களை மாவ்பிப் பக்கம் இருக்கும் பெரிய இல்லத்துக்கு அனுப்புவதுதான் இத்தனை வருஷ வழக்கம். அங்கே நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள் என்றேன். ஊட்டிவிடக்கூட ஆள் இருக்கிறது என்றேன், என்னவோ பெரிய ஆறுதல் சொல்வதுபோல.

"இங்க தண்ணித் தொட்டி எட்டடி, கக்கூஸு இருபத்திரண்டடி. எல்லாம் என் காலுக்குத் தெரியும். இங்க நான் குருடி இல்ல சயாமா. அங்க போனாத்தான் குருடி."

நான் ஆபீஸுக்கு வந்துவிட்டேன். தலைவர் கையெழுத்துக்காக நான் வருஷாவருஷம் நிரப்பும் படிவங்களில் பழையவற்றை எடுத்துப் பார்த்தேன். கண், காது, நடை என்று கட்டங்கள். நாலாம் நம்பருக்கு மூன்று வருஷமும் கண் கட்டத்தில் டிக். என் கையால் போட்டது. கண்ணு தெரியுதா பெரியம்மா என்று கேட்டிருப்பேன், தெரியுது என்றிருப்பார், தலையைத் தூக்காமலே போட்டிருப்பேன். ஏமாற்றினாராம்! எதிரில் நின்ற மனுஷியின் முகத்தைப் பார்க்காதது யார்? வெட்கமாகப் போய்விட்டது.

சனிக்கிழமை முழுக்க வேறு வேலை பார்க்கவில்லை. வராந்தாவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தேன். துணி துவைத்தார், பிழிந்தார், கொடியில் ஓரம் சேர்த்துக் காயப்போட்டார். பிளாஸ்கிலிருந்து டீயை விளிம்பு தாண்டாமல் ஊற்றினார், விரல் நுனியை உள்ளே விட்டு அளவு பார்த்துக்கொண்டு. மதியம் எனக்கும் ஒரு கப் வந்தது. விரல் பட்ட டீ என்று முகம் சுளிக்காமல் குடித்தேன்.

அன்று மாலை படிவத்தை நிரப்பினேன். பொய் டிக் போட மனசு வரவில்லை. அவரை அனுப்பவும் மனசு வரவில்லை. கண்: தெரியாது. அதற்குக் கீழே, தன் வேலையைத் தானே பார்க்கிறார், நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன் என்று எழுதினேன். தலைவர் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு சண்டைக்கே தயாராகிவிட்டேன். பெரியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, அப்படியா எழுதினீங்க என்று கேட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பயந்துவிட்டார் என்று தெரிந்தது. எனக்கும் பயம்தான்.

ஞாயிறு தலைவர் வந்தார். வராந்தாவில் இப்படியும் அப்படியும் நடந்தார். புதுப் பெயின்ட் அருமை என்றார். பிறகு ஆபீஸில் பேனாவைத் திறந்து, போனில் யாருடனோ பேசிக்கொண்டே பன்னிரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். ஒன்றையும் படிக்கவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. நானும் இப்படித்தானே போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் கார் வாசலைத் தாண்டியதும் நாலாம் நம்பருக்குப் போய்ச் சொன்னேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு ஓர் ஆணியை எடுத்துவந்து, அவர் தகரத்தின் பச்சைப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு கீறிக்கொடுத்தேன். தடவிப் பார்த்துத் தலையாட்டினார். அவருடையதில் மட்டும் கோடு இருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள், எல்லாவற்றிலும் கீறிவிடலாம் என்று தோன்றியது. புதுப் பெயின்ட் போனால் போகட்டும்.

ஒன்று, இரண்டு என்று கீறிக்கொண்டு ஒன்பதாம் நம்பருக்கு வந்தேன். அந்த அறைப் பெரியவர் வழக்கம்போல வாசல் பெஞ்சில் பேப்பரை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தினமும் எங்களுக்கெல்லாம் நாட்டு நடப்பைச் சொல்பவர் அவர்தான். உள்ளே ரேடியோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. ஆணிச் சத்தம் கேட்டதும் பேப்பரை மடித்தார். என் பக்கம் திரும்பாமலே மெதுவாகச் சொன்னார்.

"என்னுதுல கொஞ்சம் ஆழமா கீறும்மா."

ஆழமாகக் கீறினேன்.