ஓடும்போது பார்க்க வேண்டிய அளவு

அறுபதுகளின் நடுவில் மாட்டுங்கா ரயில் பாலத்தருகே எனக்கு ஒரு சிறிய கார்ப் பட்டறை இருந்தது. பகலெல்லாம் கையில் கிரீஸ். வெள்ளிக்கிழமை மாலைகளில் குளித்து, நீறு பூசி, ஒரு கம்பெனி அதிகாரியின் வீட்டுக் கூடத்தில் பதிகம் பாடுவேன். பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். பாட்டை எடுத்துக் கொடுப்பவன் நான். அந்த வீட்டில் என் சொல்லுக்கு இருந்த மதிப்பு பாட்டால் வந்தது, பட்டறையால் வந்ததன்று. அந்த வேறுபாட்டை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அந்த அதிகாரி பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். கிளட்ச் மிதி கிடையாது. கியர் தானாகவே மாறும். அத்தகைய வண்டி எதையும் நான் அதுவரை திறந்து பார்த்ததில்லை. அதை ஓட்டியவர் தாராவியில் குடியிருந்த ஒரு பாய். கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர், இருபது வருஷம் லாரியும் டாக்ஸியும் ஓட்டித் தேர்ந்தவர். தினமும் அதிகாரியை டிராம்பேயில் இருந்த அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று வருவார்.

மழைக்காலம் முடிந்ததும் வண்டி தொல்லை கொடுக்கத் தொடங்கியது. புறப்படும்போது ஒழுங்காக ஓடும். சூடேறியபின் சயான் மேட்டில் இன்ஜின் மட்டும் இரையும், சக்கரம் இழுக்காது. ஒருநாள் பாதி மேட்டில் நின்றுவிட, பின்னால் வந்த பஸ்காரர்களின் வசவையெல்லாம் அதிகாரி கேட்க நேர்ந்தது. வெள்ளிக்கிழமை பாட்டுக்கு வந்த என்னிடம், முதலில் வண்டியைப் பாருங்கள் என்றார்.

பாட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் வாசலில் சூழ்ந்து நின்றார்கள். நான் இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். கியர்ப் பெட்டியின் எண்ணெய் அளவு காட்டும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்தேன். எண்ணெய் மேல்கோடு வரை இருந்தது. நிறமும் சிவப்பாகத் தெளிந்திருந்தது. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுக் கறை இல்லை. எண்ணெய் குறையவில்லை, கசியவும் இல்லை என்றால் பெட்டிக்குள் கியரை இறுக்கிப் பிடிக்கும் பட்டைகள் தேய்ந்திருக்க வேண்டும். பட்டைகள் தேய்ந்தால் ஓட்டியவர்தான் காரணம். கிளட்ச் மிதித்துப் பழகிய இடது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே ஓட்டியிருக்கிறார் என்று சொன்னேன். பாடுகிற அதே குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

பாய் அருகில் வந்தார். "அண்ணாச்சி, நின்ன வண்டியில அளவு சரியாத்தான் காட்டும். ஒருநா இன்ஜின் ஓடுதப்ப தற்செயலா உருவிப் பாத்தேன், கம்பி காஞ்சு வந்துச்சு. ஓட்டத்துல ஒரு தடவ பாருங்களேன்."

"எந்த வண்டிக்கும் நிறுத்தித்தான் எண்ணெய் பார்ப்பாங்க பாய். இருபது வருஷம் எதை ஓட்டினீங்க, மாட்டு வண்டியா?" என்றேன்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பாடற வாய் பொய் சொல்லாது" என்றார். பாயிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். நாங்கள் உள்ளே போய்ப் பாடினோம்.

ஒரு மாதம் வண்டி கொட்டகையில் கிடந்தது. பட்டைகளை மாற்றுவதற்காக அதை என் பட்டறைக்கு இழுத்து வந்தபோது, முன்பலகைப் பெட்டிக்குள் அந்த வண்டியின் கையேடு கிடைத்தது. ஆங்கிலத்தில் இருந்தது, தட்டுத்தடுமாறிப் படித்தேன். எண்ணெய் அளவை இன்ஜின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும், நிறுத்தினால் எண்ணெய் கீழே வடிந்து அளவைக் கூட்டிக் காட்டும் என்று இருந்தது. இன்ஜினைப் போட்டு, சூடேறும்வரை காத்திருந்து கம்பியை உருவினேன். நுனியில் மட்டும் ஈரம். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கியர்ப் பெட்டியின் பின்புறத்தில் எண்ணெயைத் தடுக்கும் வளையம் ஒன்று, ஓடும்போது மட்டும், துளித்துளியாகச் சிந்திக்கொண்டிருந்தது. எண்ணெயெல்லாம் டிராம்பே சாலையில் போயிருக்கிறது.

வளையத்தை மாற்றி, குறைந்திருந்த எண்ணெயை ஊற்றி, சயான் மேட்டுக்கு ஓட்டிப் போனேன். வண்டி ஒரு முனகலும் இல்லாமல் ஏறியது. அது ஏறியிருக்க வேண்டாம் என்று நான் நினைத்ததை இறைவன் அறிவான்.

அங்கிருந்து நேராகத் தாராவிக்குப் போனேன். மாட்டுங்காவில் கார் வைத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். வண்டியைக் கெடுத்தவன் என்ற பேச்சு பரவியபின் பாயிடம் யாரும் சாவி கொடுக்கவில்லை. ஒரு தோல் கிடங்கில் கட்டுச் சுமந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பழைய வேலையைத் திரும்பக் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன்.

"வேலை வேண்டாம் அண்ணாச்சி. அன்னைக்கு யார் யார் முன்னால சொன்னீகளோ, அவுக முன்னால சொல்லிருங்க. போதும்."

அடுத்த வெள்ளிக்கிழமை, பாட்டுத் தொடங்குமுன் எழுந்து நின்றேன். பிழை என்னுடையது, பாய் மேல் குற்றம் இல்லை, அறியாதவன் அறிந்தவன்போலத் தீர்ப்புச் சொன்னேன் என்றேன். வேறு சொற்கள் எனக்கு வரவில்லை. தம்மைத் தாழ்த்தி, தம் பிழையைச் சொல்லி அழுத அடியார்களின் பாடல்களை அந்தக் கூடத்தில் எத்தனையோ முறை நான் பாடியிருக்கிறேன். கேட்டவர்களுக்கு இதுவும் அவற்றில் ஒன்றாகப் பட்டது. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடக்கம் என்றால் இதுதான் என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பாயைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. புதிய டிரைவர் செப்பலைக் கழற்றிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி சொன்னார்: "உங்க மனசு யாருக்கு வரும்? வண்டி ஓடுது, அது போதும். நீங்க ஆரம்பிங்க."

நான் ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்குப் போனேன். பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "சொன்னீகளா?"

"எல்லார் முன்னாலயும் சொன்னேன் பாய்."

"அவுக என்ன சொன்னாக?"

"பாடச் சொன்னாங்க."

"பாடுனீகளா?"

பாடினேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் தோள்துண்டை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு, வண்டி சயான் மேட்டில் ஏறுகிறதா என்று கேட்டார். ஏறுகிறது என்றேன்.

"ஏறும். அது நல்ல வண்டி, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தோல் கட்டைத் தூக்கக் குனிந்தார். தூக்கிவிட நான் கை கொடுத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.