பத்து மா நிலமும் மூன்று பிள்ளைகளும்

எங்கள் அத்தை கண்ணை மூடி இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது தம்பியும் தங்கையும் என்னைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள். "நீதானேக்கா டீச்சர், நீயே எழுது" என்றார்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் பொறுமையின் சிகரம், சாந்த சொரூபி என்றெல்லாம் என்னால் எழுத முடியாது. அத்தையிடம் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ரயில்வே கேட் திறக்கக் கொஞ்சம் தாமதமானாலும் ஹாரன் அடிக்கும் லாரிக்காரர்களை அவர் கேட்ட கேள்விகளை அச்சில் ஏற்றினால் அச்சகத்தார் கோபித்துக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தையைப் பற்றி உறவில் ஐம்பது ஆண்டுகளாக ஒரு பேச்சு உண்டு. "புள்ளைங்கள நல்லாத்தான் வளத்தா, ஆனா வெவரம் பத்தாம நெலத்தக் கோட்டை விட்டுட்டா" என்பார்கள். துக்கம் கேட்க வந்த இடத்திலேயே இரண்டு பேர் இதைச் சொன்னார்கள். என் காதில் விழுந்தது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன், இன்றைக்கு எழுதுகிறேன்.

அத்தை மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், குத்தகை நிலத்தை உழுது பிழைத்த குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். அவருக்குப் பின் பெரியப்பா, கடைசியாக எங்கள் அப்பா. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் நீடாமங்கலம் பக்கம் ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது அனுதாபமாகப் பேச வந்தால், "வேற பேச்சு இல்லையா ஒங்களுக்கு?" என்று எழுந்து போய்விடுவார்.

எங்கள் அம்மா, தங்கை பிறந்த மறு வருடமே காய்ச்சலில் போய்விட்டார். அப்பா பத்து மா, அதாவது மூன்று ஏக்கர் சொச்சம் நிலத்தைக் குத்தகைக்குச் செய்துவந்தார். திராவிட ஆட்சி வந்து, உழுகிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்தது. அப்பாவும் துணிந்து பெயரைப் பதிந்துகொண்டார். அது நிலக்காரருக்குப் பொறுக்கவில்லை. அந்த வருட அறுவடைக்கு வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். களத்தில் நடந்த கைகலப்பில் அப்பாவுக்குத் தலையில் அடி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் உயிர் பிரிந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஒன்பது, தங்கைக்கு நான்கு.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, பந்தலில் உறவினர்கள் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்தார்கள். குறையாகச் சொல்லவில்லை, அன்றைய வழக்கம் அது. அநாதைப் பிள்ளைகளை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை என்பது கணக்கு. "பெரியவ எங்க வீட்ல இருக்கட்டும், கைவேலைக்கு ஆவா" என்றார் ஒரு சித்தி. கீழ்வேளூர் தாய்மாமன் தங்கையைக் கேட்டார். பெரியப்பா, "பய இங்கேயே எங்கிட்ட நிக்கட்டும்" என்றார். தங்கை ஒன்றும் புரியாமல் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு எல்லாம் புரிந்தது.

அதுவரை வாயே திறக்காத அத்தை எழுந்தார். "நாத்தைக்கூட முடிமுடியாக் கட்டித்தானய்யா தூக்கிட்டுப் போறோம். ஒத்தை ஒத்தையாவா உருவிக்கிட்டுப் போறோம்? மூணும் எங்கூட வருது" என்றார். பெரியப்பா அவரைக் கையைப் பிடித்துத் தனியாக வைக்கோல் போருக்குப் பின்னால் கூட்டிப்போய் ஏதோ பேசினார். திரும்பி வந்த அத்தை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "ம், நடங்க" என்றார்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீடு. மாமா பச்சைக் கொடியைச் சுருட்டியபடி வந்து பார்த்தார். "மூணுமா?" என்றார். "ஏன், எண்ணத் தெரியலையா?" என்றார் அத்தை. மாமா சிரித்துவிட்டார். அன்று முதல் அறையில் நாங்கள் ஐந்து பேர். மாமாவின் கால் எப்போதும் வாசற்படியைத் தாண்டி வெளியே கிடக்கும்.

அந்த நாட்களை நினைத்தால் நிலக்கரிப் புகை மணம்தான் முதலில் வருகிறது. எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. தஞ்சாவூர் பாசஞ்சர் போனால் பள்ளிக்கூடம், நாகூர் வண்டி வந்தால் விளக்கு ஏற்ற வேண்டும். ரயில்வேக்காரர் குடும்பத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை இலவச பாஸ் உண்டு. எங்கள் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லி மாமா எழுதிக் கொடுத்தார். மச்சான் பிள்ளைகளுக்கெல்லாம் பாஸ் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அப்ப நானும் ஏறல" என்றார் அத்தை. ரயில்வேக்காரர் பெண்டாட்டி கடைசி வரை எங்களோடு பஸ்ஸில்தான் போனார். மாமா மட்டும் பாஸை வைத்துக்கொண்டு தனியாகப் பழனிக்குப் போய்ப் பஞ்சாமிர்தம் வாங்கி வருவார். டப்பாவைத் திறக்குமுன் நாங்கள் மூவரும் அடித்துக்கொள்வோம். ஆளுக்கொரு வீட்டில் இருந்தால் எப்படி அடித்துக்கொள்ள முடியும்? அந்தச் சண்டையெல்லாம் எங்கள் அத்தை வாங்கிக்கொடுத்த சொத்து.

நிலம் அந்தப் போகம் தரிசாகக் கிடந்தது. குத்தகைதாரர் குடும்பத்தில் யாரும் இறங்கி உழைக்கவில்லை என்று நிலக்காரர் மனுப் போட்டார். மன்னார்குடி தாலுக்கா ஆபீஸில் விசாரணை. அத்தை எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு போனார். "ஒங்க தம்பியை வெச்சாவது சாகுபடி பண்ணியிருக்கலாமேம்மா, வழி ஒண்ணும் தெரியாதா? உரிமை நின்னிருக்குமே" என்று அதிகாரி நல்லபடியாகத்தான் கேட்டார். "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க சார்" என்றார் அத்தை. அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நிலம் போயிற்று. கேட் கீப்பர் பெண்டாட்டிக்கு நிலத்தைப் பற்றி என்ன தெரியும் என்ற பேச்சு அன்று பிறந்ததுதான். உண்மையைச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மாமா ஓய்வு பெற்ற பிறகு மன்னார்குடியில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவந்தார்கள். மாமா மறைந்த பின் அத்தை என்னோடு இருந்தார். சென்ற ஆண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது தம்பி துபாயிலிருந்து ஓடி வந்தான். தங்கை கும்பகோணத்திலிருந்து வந்தாள். ஒரு மத்தியானம் தம்பி அத்தையின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். அத்தை திடீரென்று பேசத் தொடங்கினார்.

"டேய், அன்னைக்கு வைக்கப்போருகிட்ட ஒங்க பெரியப்பன் எல்லாத்தையும் சொல்லிட்டான்டா. வாரிசுப் பய இங்க இருந்து நான் உழுதாத்தான் குத்தகை நிக்கும், கூட்டிட்டுப் போனா நெலம் போயிடும்னு. தெரிஞ்சுதான் ஒன்னையக் கூட்டிட்டு வந்தேன்."

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "அப்புறம் ஏன் அத்தை தாலுக்கா ஆபீஸ்ல தெரியாதுன்னு சொன்னீங்க? எல்லாரும் சிரிச்சாங்களே" என்றான் தம்பி.

"நீ பக்கத்துலதானடா நின்ன. தெரியும்னு சொன்னா, அப்புறம் ஏன் செய்யலன்னு கேப்பாங்க, ஒன்னாலதான்னு ஒனக்கும் தெரிஞ்சு போயிருக்கும். ஒம்போது வயசுல பெரிய மனுசனாட்டம், நெலம் நிக்கட்டும், நான் பெரியப்பா வீட்டுக்கே போறேன்னு கெளம்பியிருப்ப. எனக்குத் தெரியாதா ஒன்னைய?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "நெலம் போனதுல ஒனக்கு வருத்தமாடா?" என்று கேட்டார். அந்தக் குரல் எங்களுக்குப் பழக்கமில்லாத குரல். எதற்கும் அஞ்சாத மனுஷி ஐம்பது ஆண்டுகளாக இந்த ஒரு கேள்விக்குப் பயந்திருக்கிறார்.

தம்பி தலையை இல்லை என்று ஆட்டினான். ஆட்டியபடியே அத்தை காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். "எந்திரிடா, நர்ஸு பாக்குது" என்றார் அத்தை. அதன்பின் நான்கு நாள் இருந்தார்.

மருந்துக்கும் ரத்தத்துக்கும் அலைந்த தம்பியின் நண்பர்களுக்கும், ராத்திரி பகல் பார்க்காமல் கவனித்த செவிலியருக்கும் நன்றி. நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது மூவருக்கும் ஒரே துணியில் பள்ளிச் சட்டையும் பாவாடையும் தைத்துக்கொடுத்த, கேட்டுக்கு எதிர்ப்புறம் இருந்த தையற்கடை பாய் குடும்பத்தாருக்கு என்றும் நன்றி. பெரியப்பா மீது எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் நடந்ததை வெளியே சொல்லாமல் தன் அக்காவின் ரகசியத்தைத் தன்னோடே எடுத்துப்போனார். அவருக்கும் நன்றி.

இனி நிலத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு. எங்கள் அத்தைக்கு எல்லா விவரமும் தெரியும். பத்து மா நிலத்துக்குத் தான்தான் விலை என்று ஒரு பையனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, விவரம் கெட்டவள் என்ற பெயரைச் சாகும் வரை சுமந்தார். இதைப் படித்த பிறகும் யாருக்காவது அந்தப் பழைய பேச்சைப் பேச வேண்டுமென்றால் தாராளமாக வீட்டுக்கு வந்து பேசுங்கள். நாங்கள் மூவரும் ஒன்றாகத்தான் இருப்போம்.