டங்ஸ்டனில் மூன்றாவது குழி

சுகுணா ஓசூரிலிருந்து தினமும் பெங்களூருக்குப் பஸ்ஸில் போய் ஆராய்ச்சி செய்கிறவள். அணு இணைவு உலையின் உட்சுவர் டங்ஸ்டன். எரிபொருளான கன ஹைட்ரஜன் அதற்குள் புகுந்து, உலோகத்தின் நுண்ணிய பழுதுகளில் சிக்கிக்கொள்ளும். எவ்வளவு சிக்கும், எந்தச் சூட்டில் வெளியேறும் என்று கணினியில் கணக்கிடுவது அவள் வேலை. சிக்கும் இடங்களைக் குழி என்பாள்.

அவள் கணக்கில் இரண்டு வகைக் குழிகள்தான் இருந்தன. ஆனால் சோதனைத் தகட்டைச் சூடாக்கியபோது கணக்கைவிட அதிக வாயு வந்தது. மாதக்கணக்கில் மல்லாடிவிட்டு மூன்றாவது வகை ஒன்றைச் சேர்த்தாள். கோடு சோதனைப் புள்ளிகள்மேல் அப்படியே உட்கார்ந்தது. ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயமே அதுதான். ஏட்டை இந்த மாதம் கொடுத்தாக வேண்டும்.

அடுத்த தகடுகளை வாங்க அவள் சம்பங்கி அண்ணனின் சாணைப் பட்டறைக்குப் போனபோது அவள் தோழியான நானும் கூடப் போனேன். தகடுகளை அறுத்து, மெருகேற்றி, வெளியே ஒரு வெற்றிட உலைக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் கட்டித் தருவது அவர் பொறுப்பு. அறுத்ததிலும் தேய்த்ததிலும் உண்டான பழுதுகள் அந்த உலைச் சூட்டில்தான் ஆறும்.

உலையிலிருந்து வந்த தகட்டை அவர் மறுபடி சக்கரத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

"மங்கிப் போய் வந்திருக்குதும்மா. லைட்டா ஒரு பாலிஷ்."

"போன தடவையும் போட்டீங்களா?"

"போடாம அனுப்புவனா? மங்கின பீஸ் போனா ஓசூர் கம்பெனிக்காரன் கேட்லயே ரிஜெக்ட்டுன்னுருவான்."

சுகுணா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது குழி டங்ஸ்டனின் இயல்பு அல்ல. அந்தச் சக்கரம் தேய்த்து உண்டாக்கியது. உலைக்குப் பிறகு தொடக் கூடாது என்று அவள் சொல்லியிருக்கவில்லை.

"தப்பாயிடுச்சாம்மா? மூஞ்சி பாக்கலாம் அந்தப் பீஸ்ல!"

"நான்தான் சொல்லலண்ணா. மத்ததை மங்கலாவே கட்டிக் குடுங்க."

"குடுக்கறேன். எங்க பட்டறைல செஞ்சதுன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாதம்மா. மானம் போயிடும்."

பஸ் நிறுத்தத்தில் நான் கேட்டேன். "கோடுதான் பொருந்துதே. யாருக்குடி தெரியப் போகுது?"

"அந்த நம்பரை வெச்சு நாளைக்கு இன்னொருத்தன் உலைச் சுவருக்குக் கணக்குப் போடுவான்."

ஆய்வு வழிகாட்டிக்குப் போன் போட்டாள். "சார், அந்த அத்தியாயத்தை எடுத்துடறேன்." எதிர்முனை நெடுநேரம் பேசியது. பேசி முடித்ததும் போனைப் பைக்குள் போட்டாள்.

"என்னடி சொன்னார்?"

"எப்ப முடிப்பேன்னு கேட்டார். தெரியலன்னுட்டேன்."

பஸ் நிரம்பி வந்தது. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.