தண்ணி காட்டிய குழாய்

எந்தக் குழாய் வந்து இறங்கினாலும் பொன்மணி முதலில் அதன் வாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவாள். விரலில் மேடு தட்டினால் "தையல் போட்டது" என்பாள். தகட்டைச் சுருட்டி விளிம்புகளை ஒட்டவைத்த குழாய் அது. வழவழவென்று ஓடினால் சீம்லெஸ். முழு இரும்பைக் குடைந்து எடுத்தது, ஒட்டே கிடையாது, விலையும் அதற்கேற்றபடி. மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னாலுள்ள அந்தக் கிடங்குக்குச் சீம்லெஸ் வந்து வெகுகாலம் ஆகிறது. விற்பனை மட்டும் ஜோராக நடக்கிறது.

அந்த அற்புதத்தைச் செய்கிறவளே பொன்மணிதான். துருவைத் தேய்த்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, எழுத்து வெட்டிய தகரத்தை வைத்து வெள்ளையில் 'சீம்லெஸ்' என்று பதிப்பாள். வள்ளியூர்ப் பக்கத்துக்காரி, இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. எழுதுவது பொய் என்று மட்டும் நன்றாகத் தெரியும். "பொண்ணு பாக்க வர்றவுகளுக்காவ குழாய்க்குப் பவுடர் போடுதவ நான்" என்பாள். சொல்லும்போது சிரிக்க மாட்டாள்.

அப்புறம் இந்த ஹைட்ரோ டெஸ்ட். முறைப்படி என்றால் இரண்டு வாயையும் அடைத்து, தண்ணீர் நிரப்பி, பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்த வேண்டும். அழுத்தம் காட்டும் முள் இறங்கினால் குழாய் தேறவில்லை. இங்கே அந்தப் பாடெல்லாம் யார் படுவது? ஹோஸைப் பிடித்து நனைத்துவிடுவார்கள். வாங்க வந்தவர் ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போவார். இதற்கு அவள் வைத்த பெயர் 'தண்ணி காட்டுறது'. மாட்டுக்கா, மனுசனுக்கா என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதாம்" என்பாள்.

குழாய் எங்கே போகிறது என்று அவள் விசாரித்ததே இல்லை. போன வாரம் லாரிக்காரர் சேவியர்தான் தானாகச் சொன்னார்: இந்த லோடு தோப்பும்படியில் ஓர் இறால் கம்பெனிக்கு, குளிரறையின் அமோனியா லைனுக்கு. அந்தக் கம்பெனியில்தான் அவள் மகள் மகாவும் தோழி பர்ஸானாவும் பக்கத்துப் பக்கத்தில் நின்று இறால் உரிக்கிறார்கள். தையல் பிரிந்து வாயு கிளம்பினால் நெஞ்சு வெந்துபோகும்.

முதலாளியிடம் ஓடினாள். இந்த ஒரு லோடையாவது ஒழுங்காக டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கெஞ்சினாள்.

"பெயிண்ட் அடிச்சா மதி, சேச்சி" என்றார் அவர். மலையாளத்தில் மதி என்றால் போதும். சொல்லிக்கொண்டே கிடங்கின் பின்னறையைப் பார்த்தார். படுத்த படுக்கையான புருஷனோடு அவள் வாடகையில்லாமல் குடியிருக்கும் அறை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதெல்லாம் சொந்தக் கூரை உள்ளவர்களுக்கு. அவள் திரும்பி வந்து எல்லாக் குழாயிலும் 'சீம்லெஸ்' பதித்து ஏற்றிவிட்டாள்.

லாரி தெருமுனை தாண்டியதும் ஒதுங்கி நின்று மகளுக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, நாளையிலருந்து அந்த வேலைக்குப் போவாத."

ஏன் என்றாள் மகா. பொன்மணி குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். வெளியே தெரிந்தால் இன்றைக்கே தெருவில் நிற்க வேண்டியதுதான், யாரிடமும் மூச்சு விடாதே என்று சத்தியமும் வாங்கப் பார்த்தாள்.

மகா மெதுவாகக் கேட்டாள்: "பர்ஸானாட்ட மட்டும் பறையட்டாம்மா? இங்கன பக்கத்துலதான் நிக்கா."

பொன்மணி பெயிண்ட் காயாத உள்ளங்கையால் போனின் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.