காந்தத்துக்கு எட்டாத தூரம்

என் கணவர் எந்த மெஷினையும் காதால்தான் நம்புவார். ஸ்க்ரூ ட்ரைவரின் நுனியை ஓடும் மெஷினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் குனிந்து கேட்பார். எது தேய்கிறது, எது எண்ணெய் கேட்கிறது என்று அதிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் அவருடைய பட்டறைதான். குளிக்கிற சவர்க்காரக் கட்டியில் பெயர் பதிக்கப் பித்தளை அச்சு வெட்டிக் கொடுப்பது தொழில். வெள்ளவத்தையில் பிறந்து, கல்யாணம் கட்டி வந்த எனக்கு அந்தக் கிறீச்சுச் சத்தம் பழகவே வெகுகாலம் எடுத்தது.

பழைய மெஷினில் பித்தளையைத் தாங்கும் மேசையை ஒரு திருகுத் தண்டுதான் நகர்த்தியது. தண்டு தேயத் தேய அச்சில் எழுத்துகளின் விளிம்பு மழுங்கிக்கொண்டே வந்தது. அதனால் புதிதாக ஒன்றுக்குச் சொல்லிவைத்தார். அதில் தண்டும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. கீழே காந்தப் பட்டை, மேலே உள்ளங்கை அளவு மோட்டர். அதுவே மேசையை நேராக இழுத்துக்கொண்டு ஓடும். எங்கள் கல்யாணத்துக்குக்கூட மனிதர் இவ்வளவு ஆவலாகக் காத்திருக்கவில்லை.

மெஷின் கப்பலில் வந்துகொண்டிருந்தபோது இதயத்துடிப்பு குறைந்து மயங்கி விழுந்தார். பொரளை ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். நான் மெஷினைப் பற்றிச் சொன்னதும் டொக்டர், "அதுக்குக் கிட்டப் போகவேண்டாம். காந்தம் நெஞ்சுக்குக் கிட்ட வந்தா பேஸ்மேக்கர் ஒழுங்கா வேலை செய்யாது" என்றார். இவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

மெஷின் வந்து சேர்ந்ததும், அதைப் பொருத்திப் பூட்ட வந்தவர் மூடியைக் கழற்றி ஓட்டிக் காட்டினார். பழக்கம் விடுமா? இவர் ஸ்க்ரூ ட்ரைவரோடு குனிந்தார். காந்தம் அதை வெடுக்கென்று இழுத்தது; பிடியை விடாத கையும், கையோடு நெஞ்சும் சரிந்தன. நான் சட்டைக் கொலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். பொத்தான்கள் தெறித்தன. பயத்தில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"உங்களுக்கென்ன விசரா?"

"கேட்டுப் பாக்கத்தானே போனனான்."

அன்றே தரையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, அதற்கு அப்பால் அவர் உட்காரும் கதிரையை வைத்தேன். மெஷினை ஓட்டுவது இப்போது நான். அவர் கதிரையிலிருந்து சொல்லித்தருவார். குறை சொல்வதற்கு மட்டும் கோடு தடையில்லை. அச்சுகள் முன்னெப்போதையும்விடக் கூர்மையாக வந்தன. அவருக்கோ நிம்மதியில்லை. "சத்தம் எப்பிடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் சமையலறையிலிருந்து அகப்பையை எடுத்துவந்தேன். மரத்தைக் காந்தம் இழுக்காது. எதையும் வெட்டாமல் மேசையை மட்டும் ஓடவிட்டு, காம்பை ஊன்றிக் காதை வைத்தேன்.

"என்ன கேக்குது?"

"ஒண்டுமில்லை."

"அப்ப நல்லா ஓடுது."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தபடி இருந்தார். இனி அவருடைய காதுக்கு அங்கே வேலையில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, கோட்டைத் தாண்டிப் போய் அதே காம்பை அவருடைய நெஞ்சில் ஊன்றிக் காதை வைத்தேன்.

"இதென்ன விளையாட்டு?"

"கதைக்காம இருங்கோ. கேக்குது."