இரண்டாவது வயரும் பழைய குற்றாலப் படிகளும்

பேஸ்மேக்கர் சோதிக்கும் டெக்னீஷியன் வேலையில், மெஷின் ஒழுங்காக ஓடினால் ஒருத்தரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மக்கர் பண்ணினால் தென்காசியே திரும்பிப் பார்க்கும். மெஷினோடு மல்லுக்கட்டும் என் இனத்தாரே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

தோளில் இல்லை

எங்கள் கிளினிக் மாடியில். லிஃப்ட் பாதி நாள் படுத்துவிடும். கல்லூரியில் படிக்கும் சபீனா அன்று படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறி வந்தாள். உட்கார்ந்த இடத்திலெல்லாம் அவள் உம்மா பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நின்றார்.

நம் இதயத்தில் ரத்தத்தைத் தள்ள இரண்டு அறைகள். சபீனாவுக்குப் பிறவியிலேயே உருப்படியாக ஒன்றுதான். சின்ன வயதில் ஆபரேஷன், அப்புறம் பேஸ்மேக்கர். நான் வழக்கம்போல சோதிக்கும் கருவியைத் தோளுக்குக் கீழே வைத்தேன். சிக்னலே இல்லை. பேட்டரி போய்விட்டதோ என்று எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஆபரேஷனில் ரத்தக்குழாய்களை நுரையீரலுக்கே திருப்பிவிட்டதால், மற்றவர்களுக்குப் போலத் தோள்பக்க ரத்தக்குழாய் வழியாக வயர் இதயத்துக்குப் போக முடியாது. வயரை இதயத்தின் மேலேயே தைத்திருந்தார்கள். பேஸ்மேக்கர் பெட்டி எங்கே என்று அவளே சொன்னாள்.

"வயித்துல கெடக்கு அண்ணாச்சி. அங்கன தேடினா எப்படிக் கிடைக்கும்?"

வாப்பா கேட்டது

பேஸ்மேக்கர் வருஷக்கணக்காக ஒரே இடத்தில் தூண்டியதில், அந்த ஒற்றை அறையின் ஒரு பக்கம் முந்திச் சுருங்கியது, மறுபக்கம் பிந்தியது. கட்டிலை ஒரு முனையில் மட்டும் தூக்கினால் என்னாகும்? அப்படித்தான் இதயம் தளர்ந்து, காலும் வயிறும் வீங்கின. எதிர்ப்பக்கம் இன்னொரு வயர் வைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து சுருங்கலாம் என்றார் எங்கள் கிளினிக் டாக்டர். எல்லாருக்கும் பலிக்காது, பலிக்காவிட்டால் மாற்று இதயத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. உம்மா அழுதார். துபாயிலிருந்து வீடியோவில் கேட்டுக்கொண்டிருந்த வாப்பா குறுக்கிட்டார்.

"எம்புள்ளைக்கு இருக்கது ஒண்ணுதான் டாக்டர். பாத்து தொடச் சொல்லுங்க."

குதித்த வயிறு

திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் முடிந்து வந்தாள். இரண்டு வயரும் எந்த நேரத்தில் தூண்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லச் சொல்ல மாற்றுவது என் வேலை. புது வயருக்குக் கொஞ்சம் சக்தி கூட்டினேன். தூண்டல் பக்கத்து நரம்பிலும் பட்டு, விக்கல் மாதிரி அவள் வயிறு குதித்தது. சபீனா சிரித்தாள், உம்மா என்னை முறைத்தார். குறைத்தேன், நேரத்தை நகர்த்தினேன். ஈசிஜியில் அகன்று கிடந்த அலை மெல்ல ஒடுங்கியது; இரண்டு பக்கமும் சேர்ந்து சுருங்குகிறது என்று அர்த்தம். எனக்குச் சத்தம் போட்டுக் கூவலாம் போலிருந்தது.

"கோடு ஒடுங்கிட்டு, சரி தம்பி. கால் வீக்கம் எப்பம் வடியும்?" என்றார் உம்மா.

வராத நாள்

சாரல் காலத்தில் ஒரு செக்கப் நாளன்று சபீனா வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் படியில் எங்கும் உட்காராமல் வந்து நின்றாள். கால் வீக்கம் வடிந்திருந்தது. எக்கோ பார்த்த டாக்டர், இதயம் முன்னைவிட நன்றாகச் சுருங்குகிறது என்றார். சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு, நேற்று எங்கே போனாய் என்று எரிந்து விழுந்தேன். பழைய குற்றாலம் போனாளாம். அருவிக்கடியில் தலையைக் கொடுக்கவில்லையாம், தள்ளி நின்று சாரலில் நனைந்தாளாம். அந்தப் படிகளையெல்லாமா ஏறினாய் என்று கேட்டேன்.

"ஏறிட்டேன் அண்ணாச்சி. உம்மாதான் பாதியில உக்காந்துட்டாவ. நான் பையத் தூக்கிக்கிட்டு கூடவே நின்னேன்."

நம் தொழிலில் யாரும் மாலை போட மாட்டார்கள். ஆனால் பேஷன்ட் நமக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு அருவிக்குப் போனால், மெஷின் நன்றாக ஓடுகிறது என்று நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.